பூஜைக்கு நின்ற ஷேக்கர்

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் ஞானமணி அக்காவுக்குப் பதினேழு வருட சர்வீஸ். சர்வீஸ் என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். அலுவலக ரிஜிஸ்டரில் அவர் தினக்கூலி. கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவது, அவற்றைப் பஞ்சு அடைத்து ஆட்டோகிளேவில் வைத்து நீராவியில் கிருமி நீக்குவது, ஒரு நாளைக்கு மூன்று முறை இயந்திரங்களின் அளவுகளைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதுவது ஆகிய மூன்றும் அவர் வேலை. எழுத்து சின்னதாக, நிமிர்ந்து இருக்கும். ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் ஒரு கோடு போடுவார். எதற்கு என்று கேட்டதற்கு, "ஒண்ணுன்னு நெனச்சிக்கினா யார் பதில் சொல்றது?" என்றார்.

சொந்த ஊர் கங்காதர நெல்லூர் பக்கம். பழைய மிஷன் சபைக் குடும்பம். பத்தாவது தேறியவர். கணவர் ஜெபசிங் பெயிண்டர். மகள் கேசியா வேலூரில் நர்சிங் படிக்கிறாள். திருப்பதிக்கு வருவதற்கு முன் ஞானமணி ஆறு சீசன் சித்தூரில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் இருந்தார். பெல்ட்டில் வரும் தோத்தாபுரிக் காயின் தோலைச் சீவி, கொட்டையை ஒதுக்கும் வேலை. மாம்பால் பட்டு விரல் நுனித் தோல் உரிந்துபோகும். இப்போதும் அவர் வலது கைக் கட்டை விரலில் ரேகை சரியாக விழாது. கல்லூரியில் கைரேகை வருகைப்பதிவு வந்தபோது மெஷின் அவரை ஏற்கவில்லை. மூன்று மாதம் இடது கை விரலை வைத்துப் பழகினார்.

எங்கள் திட்டத்துக்கு மண் எங்கே எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்த நாளில்தான் அந்த ஆறு சீசன் உபயோகப்பட்டது.

திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செடி, தோல், சக்கை எதுவானாலும் அதன் உடம்பு செல்லுலோஸ். அதை உடைத்தால் சர்க்கரை. சர்க்கரையை ஈஸ்ட்டுக்குக் கொடுத்தால் ஆல்கஹால். அதைப் பெட்ரோலில் கலக்கலாம். உடைப்பதுதான் கஷ்டம். மண்ணில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் ஒரு நொதியைச் சுரந்து அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றன. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து, அதனிடமிருந்து நொதியை எடுத்து, சித்தூர் மாவட்டத்தில் வருடந்தோறும் குவியும் மாந்தோலின் மேல் அதை ஏவிவிட வேண்டும். திட்டத்தின் தலைவர் பேராசிரியை கன்னிகா மேடம். நான் திட்ட உதவியாளன். பிச்சாட்டூரில் எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. என்று எழுதும்போது இன்றைக்கும் கொஞ்சம் நிதானமாகத்தான் எழுதுவேன்.

மண்ணுக்குக் காட்டுக்குப் போவதாக இருந்தோம். ஜீப் கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். சிங்க்கில் கை வைத்திருந்த ஞானமணி அக்கா திரும்பாமலே பேசினார்.

"இன்னாத்துக்கு தம்பி காட்டுக்கு? மாந்தோல துன்ற பூச்சிதான வேணும் உங்களுக்கு?"

"ஆமாக்கா."

"நாங்க வேல செஞ்ச கம்பெனி பின்னால தோலக் கொட்டுவாங்க. ஆள் உயரத்துக்குக் கொட்டுவாங்க. அடுத்த சீசனுக்குப் போனா ஒண்ணும் இருக்காது. கொட்டை மட்டும் கெடக்கும். அடியில மண்ணு கரேல்னு இருக்கும். யாரு துன்னாங்க அத்தனையும்?"

கன்னிகா மேடம் என் கையிலிருந்த விண்ணப்பத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

அந்தக் கரிய மண்ணில் இருந்து எழுபது வகை பாக்டீரியாவைப் பிரித்தோம். செல்லுலோஸ் கலந்த தட்டில் வளர்த்து, மேலே சிவப்புச் சாயம் ஊற்றிக் கழுவினால், நொதி சுரக்கும் பாக்டீரியாவைச் சுற்றி மட்டும் சாயம் பிடிக்காமல் ஒரு வெளிர் வட்டம் தெரியும். வட்டம் பெரியதாக இருந்தது இருபத்தேழாவது தட்டில். காகிதத்தில் அதன் பெயர் சி-27. ஞானமணி அக்காவுக்கு 'ட்வென்ட்டி செவன்'. "இன்னிக்கு ட்வென்ட்டி செவன் வாசன வேற மாதிரி கீது தம்பி, பாத்துக்கோ" என்பார். இரண்டு முறை அவர் அப்படிச் சொன்னபோது குடுவையில் வேறு கிருமி கலந்திருந்தது. மற்ற முறைகளில் ஒன்றும் இல்லை.

துறையில் இன்னொரு ஆள் அப்பாவு. எலக்ட்ரீஷியன், பிளம்பர், மேடத்தின் ஸ்கூட்டருக்கு மெக்கானிக், எல்லாம் அவர்தான். என் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். எங்கள் திட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரே கேள்விதான்.

"ஏன்க்கா, சாராயம் காய்ச்சறதுக்கு மூணு வருசமா? எங்க ஊர்ல மூணு நாள்ல காய்ச்சுவாங்களே."

"அது நீ குடிக்கிறது. இது வண்டி குடிக்கிறது" என்பார் ஞானமணி.

"வண்டி குடிச்சிட்டுப் போனா போலீசு புடிக்க மாட்டானா?"

பதினேழு வருடமாக இருவருக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, ஈஸ்டர் நாட்களில் லேபை அப்பாவு பார்த்துக்கொள்வார். தசரா, சங்கராந்தி, உகாதி நாட்களில் ஞானமணி. வருடத்தில் ஒரு நாள்கூட லேப் ஆளில்லாமல் இருந்ததில்லை.

சென்ற வருடம் திட்டத்தின் முதல் கட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. அக்டோபர் கடைசியில் ஹைதராபாதிலிருந்து ஆய்வுக்குழு வருவதாகக் கடிதம். சி-27 ஒரு முறை நல்ல நொதி கொடுத்தால் போதாது. மூன்று முறை தனித்தனியாக வளர்த்து, மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே அளவு கொடுத்தால்தான் இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி. இரண்டாம் கட்டத்தில் ஒரு டெக்னீஷியன் பதவி இருந்தது. கன்னிகா மேடம் ஞானமணியைக் கூப்பிட்டு, "மூணாவது பேட்ச் சரியா வந்தா, அந்தப் பதவிக்கு உன் பேர்தான்ம்மா எழுதுவேன்" என்றார். மேடம் வாக்குக் கொடுப்பது அபூர்வம். ஞானமணி தலையை ஆட்டிவிட்டுக் குடுவை கழுவப் போனார். அன்று மாலை என்னிடம் மட்டும் கேட்டார்: "டெக்னீஷியன்னா ஐடி கார்டுல போட்டோ கலர்ல போடுவாங்களா?" தினக்கூலிகளின் அட்டையில் போட்டோவே கிடையாது.

முதல் பேட்ச் மில்லிக்கு 2.1 யூனிட் நொதி. இரண்டாவது 2.0. மூன்றாவதை ஆரம்பித்த நாள் துர்காஷ்டமி. வேறு நாள் அமையவில்லை. குழு வரும் தேதிக்கு முன் எல்லாச் சோதனைகளும் முடிய வேண்டும். வழக்கமாக விடுமுறைக்கு முன்பே ஓட்டத்தை முடித்து இயந்திரங்களை நிறுத்திவிடுவோம். பண்டிகையின் குறுக்கே ஓர் ஓட்டம் போனது அதுதான் முதல் முறை.

காலை ஒன்பது மணிக்கு, மாந்தோல் பொடி கலந்த திரவத்தில் சி-27 விட்ட பன்னிரண்டு குடுவைகளை ஷேக்கரில் ஏற்றினேன். குடுவைகளை ஓயாமல் சுழற்றி ஆட்டிக்கொண்டே இருக்கும் மேடை அது. நிமிடத்துக்கு நூற்றைம்பது சுற்று, முப்பத்தேழு டிகிரி, எழுபத்திரண்டு மணி நேரம். ஆட்டம் நின்றால் திரவத்துக்குள் காற்று போகாது. காற்றில்லாமல் சி-27 சோம்பிப் படுத்துவிடும். இது ஞானமணிக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஏற்றிவிட்டு நான் ஊருக்குப் பஸ் ஏறினேன். மேடம் நெல்லூரில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார்.

மறுநாள் ஆயுத பூஜை. அப்பாவு குளித்து, வேட்டி கட்டி வந்து, ஒவ்வொரு இயந்திரமாக நிறுத்தித் துடைத்து, சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். ஓடுகிற இயந்திரத்துக்கு அவர் பூஜை போடுவதில்லை. அன்றைக்கு ஆயுதம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். பதினொரு மணிக்கு நிறுத்திய ஷேக்கரின் கண்ணாடி மூடிமேல் சாமந்திச் சரம், மேடையின் ஓரத்தில் ஓர் எலுமிச்சம்பழம், சுவிட்சில் ஒரு பொட்டு. கற்பூரம் காட்டிவிட்டுப் பதினொன்றரைக்குக் கிளம்பினார். பன்னிரண்டு மணி அளவு எழுத ஞானமணி வருவார் என்பது அவருக்குத் தெரியும்.

பன்னிரண்டுக்கு ஞானமணி வந்தார். ஷேக்கர் நின்றிருந்தது.

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், இதே போல ஓர் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, ஆட்டோகிளேவ் மேலிருந்த மாலையை எடுத்து வைத்துவிட்டு அதை ஓட்டினார். அன்றைக்கு இருந்த ஸ்டோர் கீப்பர் பார்த்துவிட்டு, சர்ச்சுப் பொம்பளை பூவைப் பிய்த்துப் போட்டாள் என்று முதல்வர் அறை வரை கொண்டுபோனார். இரண்டு நாள் பேச்சு. வேலை போகிற நிலைமை வந்து, போகாமல் நின்றது. அந்த ஸ்டோர் கீப்பர் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. ஞானமணி அன்று வைத்துக்கொண்ட விதி மட்டும் ஓய்வு பெறவில்லை: பூஜை போட்ட பொருளை, போட்டவர் வந்து எடுக்கும்வரை தொடக்கூடாது.

அப்பாவுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாவு போனை வீட்டில் வைத்துவிட்டுக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்தார். மேடத்துக்குச் செய்யலாம், செய்தால் அப்பாவு மேல் புகார் சொன்னது போல் ஆகும். எனக்குச் செய்தால் நான் மேடத்திடம் சொல்வேன். அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததாகப் பின்னால் சொன்னார். பிறகு லாக் புத்தகத்தைத் திறந்து, பன்னிரண்டு மணி, முப்பத்தேழு டிகிரி, சுற்று என்ற கட்டத்தில் 0 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாலை ஆறு மணிக்கு வந்து இன்னொரு 0. விஜயதசமி காலை ஆறு மணிக்கு மூன்றாவது 0.

நான் முதல் பஸ் பிடித்து ஒன்பது மணிக்கு வந்தேன். குடுவைகளில் தோல் பொடி அடியில் சேறாகப் படிந்து, மேலே ஆடை கட்டியிருந்தது. சுவிட்சைப் போட்டேன். பொட்டு என் விரலில் ஒட்டியது. விரலை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது, கையில் பொரிப் பொட்டலத்தோடு அப்பாவு உள்ளே வந்தார்.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி கீது?"

"இருபத்திரண்டு மணி நேரம் நின்னுபோயிருக்கு அண்ணே."

அப்பாவு சிங்க்கருகே நின்ற ஞானமணியைப் பார்த்தார். "அக்கா, நீ போடல?"

"நீதான நிறுத்துன."

"பூஜைக்கு நிறுத்துனேன். பன்னெண்டுக்கு நீ வருவ, வந்து போட்டுடுவன்னுதான நிறுத்துனேன்."

"எப்டிப் போடுவேன்? பூ வெச்சி, பொட்டு வெச்சி, பழம் வெச்சி வுட்டுட்டுப் போயிட்ட."

"அது எனக்குத்தாங்க்கா ஆயுதம். நான் தொட்டாத்தான் தப்பு. உனக்கு இன்னா? நீ சர்ச்சு ஆளு."

"சர்ச்சு ஆளுன்றதாலதான் தொடல."

அப்பாவு பொரியை மேசைமேல் வைத்தார். "பதினேழு வருசமா என்கூட வேல செய்ற. நான் அந்த ஸ்டோர்க்காரன் மாதிரி ஆளா?"

"நீ இல்ல. அது எனக்குத் தெரியும். கைக்குத் தெரியல."

ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்த மரியாதையில் ஓட்டம் கெட்டுவிட்டது. யார்மேல் கோபப்படுவது என்று எனக்கும் தெரியவில்லை. கெட்டாலும் எழுபத்திரண்டு மணி நேரத்தை முடித்து அளந்து பார்த்தோம். மில்லிக்கு 0.7.

மேடம் வந்து லாக் புத்தகத்தைப் பார்த்தார். மூன்று பூஜ்யங்களின் மேலும் விரலை வைத்தார். திட்டவில்லை. தெலுங்கில் "சரே" என்றார். சரி என்று அர்த்தம், ஆனால் சரியில்லை என்ற குரலில். பத்தொன்பது நாள் இருந்தது. இன்னொரு பேட்ச் போட நாள் போதும். போடுவதற்குத் தோல்தான் இல்லை. ஜூன் மாதம் காய வைத்து அரைத்த மாந்தோல் பொடியின் கடைசி டப்பா அந்தப் பன்னிரண்டு குடுவைகளுக்குள் போய்விட்டது. அக்டோபரில் சித்தூரில் மாங்காய் எங்கே இருக்கிறது?

"கம்பெனிய கேட்டுப் பாக்கறேன் மேடம்" என்றார் ஞானமணி. "வந்தா வருது."

மறுநாள் நானும் அவரும் சித்தூர் போனோம். மாங்கூழ் தொழிற்சாலையில் கொய்யா சீசன் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் தோல் மேடு இல்லை. புதிதாகச் சிமென்ட் தளம் போட்டிருந்தார்கள். தோல் எல்லாவற்றையும் ஆகஸ்டிலேயே மாட்டுத்தீவனக் கான்ட்ராக்டர் அள்ளிக்கொண்டு போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார். ஞானமணி கொஞ்ச நேரம் கேட்டருகே நின்றார். மாட்டுத்தீவனம் என்ற சொல் அவருக்குள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"தம்பி, வெங்கடலட்சுமி வூட்டுக்குப் போவோம்" என்றார்.

வெங்கடலட்சுமி அவரோடு பெல்ட்டில் நின்றவர். இப்போது கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில் மூன்று எருமை வைத்திருக்கிறார். சீசனில் தோலை இரண்டு டிராக்டர் வாங்கி, ரோட்டோரம் காய வைத்து, மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவாராம். ஷேர் ஆட்டோவிலிருந்து நாங்கள் இறங்கியபோது அவர் தொழுவத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாமே ஞானம், ஆளே காணோம்! டாக்டரு ஆயிட்டன்னு சொல்லிக்கினு இருந்தாங்க."

"டாக்டருக்குக் குடுவ கழுவிக்கினு இருக்கறேன். மாந்தோல் கீதா உன்கிட்ட?"

"எதுக்கு? எரும வாங்கிட்டியா?"

"எருமைக்கு இல்ல. பூச்சிக்கு."

வெங்கடலட்சுமி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். "பூச்சிக்கா? பரணுல ஏறிப் பாரு, நெறய கீது. கூப்டாமலே வந்து துன்னுக்கினு கீது."

"அது இல்லமே. இது கண்ணுக்குத் தெரியாத பூச்சி."

"கண்ணுக்குத் தெரியாததுக்குத் தீனி தேடிக்கினு திருப்பதிலேர்ந்து வந்தியா? இந்தப் புள்ளயாண்டான் உன்ன ஏமாத்தறான். இன்னா தம்பி, மாஸ்டரா நீ?"

"எம்.எஸ்ஸி.ங்க" என்றேன்.

"எம்.எஸ்ஸி. படிச்சிட்டு மாட்டுத்தீனி கேக்கறான்" என்றார் எருமையிடம். பிறகு ஞானமணியிடம், "திருப்பதிலேர்ந்து வர, ஒரு லட்டுகூட இல்லாம வந்துருக்க பாரு."

"நான் எங்கடி போயி லட்டு வாங்குவேன்?"

"ஏன், உனக்குன்னா குடுக்க மாட்டாங்களா? வரிசையில நின்னா யாருக்கும் குடுக்கறாங்க. ஏறு பரணுல, எடுத்துக்கோ. ஆனா அதுல உப்பு போட்டிருக்கறேன். எரும உப்பு இல்லன்னா மோந்துகூடப் பாக்காது."

உப்பு சி-27க்கு ஆகாது. ஞானமணி ஒரு துண்டை எடுத்து நக்கிப் பார்த்தார். உப்பு மட்டுமில்லை, இனிப்பும் இருந்தது. எங்கள் லேபில் தோலை வெந்நீரில் மூன்று முறை அலசித்தான் காய வைப்போம். தோலில் சர்க்கரை மிச்சமிருந்தால் சி-27 அதைத் தின்றுவிட்டு, நொதி சுரக்காமல் இருந்துவிடும். சும்மா கிடைக்கும்போது அது எதற்கு உழைக்க வேண்டும்? வெங்கடலட்சுமி எருமைக்குத் தோலை அலசுவாரா?

"கழுவினாப் போவும்" என்றார் ஞானமணி. "கழுவறதுதான என் வேல."

ஐந்து கிலோ சுமந்து வந்தோம். அடுத்த இரண்டு நாள் சிங்க்கை வேறு யாருக்கும் அவர் கொடுக்கவில்லை. வெந்நீர் ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றி, ஏழு முறை. லேபுக்குள் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது விதி. அதனால் வடித்த நீரை வெளியே குழாயடிக்கு எடுத்துப்போய் நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு போச்சி. இனிப்பு போச்சி. இப்ப துடைப்பக் கட்டய நக்கன மாதிரி கீது" என்று வந்து சொன்னார். சர்க்கரை இருந்தால் ஆரஞ்சு நிறமாக மாறும் திரவத்தில் நான் அதே நீரைச் சோதித்தேன். மாறவில்லை.

நான்காவது பேட்ச் ஒரு திங்கட்கிழமை காலை ஏறியது. அப்பாவு சுவிட்சின் மேல் தெலுங்கில் எழுதிய ஒரு தாளை ஒட்டினார்: யாரும் தொடக்கூடாது, அப்பாவு உட்பட. செவ்வாய் மதியம் கரண்ட் போனபோது ஜெனரேட்டர் அறைக்கு அவர் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வராந்தாவிலேயே கிடந்தது. நான்கு நிமிடம் நின்றது. ஞானமணி அதையும் எழுதினார். வியாழக்கிழமை அளந்தோம். 1.9.

குழு வருவதற்கு முதல் நாள் மேடம் எங்களைக் கூப்பிட்டார். அறிக்கையில் மூன்று பேட்ச் போதும், 2.1, 2.0, 1.9. நின்றுபோனது தோற்ற ஓட்டம். அதை எழுத வேண்டிய கட்டாயமில்லை. லாக் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் காட்டாமல் இருந்தால் நல்லது என்றார். அவரும் சங்கடத்தோடுதான் சொன்னார். அவர் திட்டமும் அதில்தான் இருந்தது.

"மேடம், பக்கத்துக்கு நம்பர் அச்சடிச்சி கீது" என்றார் ஞானமணி. "நாப்பத்தஞ்சுக்கு அப்பறம் நாப்பத்தேழு வந்தா, நாப்பத்தாறு எங்கன்னு கேப்பாங்க."

"கேட்டா?"

"நான்தான எழுதனேன். என்னக் கேட்டா சொல்றேன்."

மேடம் லாக் புத்தகத்தை மூடி அவரிடமே கொடுத்தார். பக்கம் இருந்தபடியே இருந்தது.

குழுவில் இரண்டு பேர். ஒருவர் முழு நேரமும் கைபேசியில் இருந்தார். மற்றவர், வயதானவர், எங்கள் வரைபடங்களை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டு லாக் புத்தகத்தைக் கேட்டார். நின்றபடியே பக்கம் பக்கமாகத் திருப்பினார். நாற்பத்தாறில் நின்றார்.

"இந்தப் பூஜ்யம் என்ன?" என்று தெலுங்கில் கேட்டார்.

மேடம் வாயைத் திறப்பதற்குள் ஞானமணி முன்னால் வந்தார். அப்பாவு கதவருகே டீ தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"பூஜைக்கு நிறுத்தினோம் சார்."

"யார் நிறுத்தியது?"

"மேமே சார்" என்றார் ஞானமணி. நாங்கள்தான்.

பெரியவர் அவருடைய கழுத்தைப் பார்த்தார். பொட்டில்லாத நெற்றியையும் பார்த்தார். சின்னச் சிலுவை ஒன்று சேலை மடிப்புக்கு வெளியே தெரிந்தது. அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. "எங்கள் ஆபீஸில் லிஃப்டுக்குப் பூஜை போட்டுவிட்டு மூன்றாவது மாடிக்கு நடந்து போவார்கள்" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, இருபத்திரண்டு மணி நேரம் நின்றும் 0.7 எப்படி வந்தது என்று கேட்டார். நிற்பதற்கு முன் இருபத்தாறு மணி நேரம் ஓடியது, அதில் சுரந்தது கொஞ்சம், திரும்ப ஓடியபோது கொஞ்சம் என்றேன். அந்தக் கணக்கும் அறிக்கையில் இருக்கட்டும் என்றார். டீ குடித்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள்.

ஜனவரியில் இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி வந்தது. கேட்டது மூன்று வருடம், கொடுத்தது இரண்டு. பதவிக்கு இன்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, தேறியிருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. ஞானமணி பத்தாவது. மேடம் விலக்குக் கேட்டு எழுதினார். பதினேழு வருட லாக் புத்தகங்களின் முதல் பக்கங்களை நகலெடுத்து இணைத்தார். ஒரு மாதம் கழித்துப் பதில்: டெக்னீஷியன், அடைப்புக்குறிக்குள் பொறுப்பு. இரண்டு வருடத்தில் ஓப்பன் ஸ்கூலில் இன்டர் முடிக்க வேண்டும். முடித்தால் அடைப்புக்குறி போகும்.

ஆணையை நான்தான் படித்துக் காட்டினேன். ஞானமணி ஒரு முறை கேட்டுவிட்டு, தானே வாங்கி ஒரு முறை படித்தார்.

"பொறுப்புன்னா இன்னா தம்பி?"

"வேலை முழுசா உங்களுதுதாங்க்கா. பேரு மட்டும் பாதி."

"இத்தன நாளு பேரே இல்ல" என்றார். ஆணையை மடித்துப் பையில் வைத்தார். இன்டருக்கு என்னென்ன பாடம் என்று கேட்டார். உயிரியல் எடுக்கலாம் என்றேன். "ட்வென்ட்டி செவனப் பத்தி கேப்பாங்களா?" அவ்வளவு தூரம் வராது என்றேன். அப்படியென்றால் கணக்கும் பார்க்கிறேன் என்றார்.

குடுவை கழுவ வேறு ஆள் எடுக்கும் கோப்பு அலுவலகத்தில் இருக்கிறது. நகரவில்லை. இதை எழுதும் இந்த வாரமும் டெக்னீஷியன் (பொறுப்பு) ஞானமணி காலையில் ஷேக்கரின் அளவுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்து மணிக்கு சிங்க்குக்குப் போகிறார். நேற்று அப்பாவு வாசலில் நின்று, "டெக்னீஷியனம்மா, இன்னா இங்க நின்னுக்கினு கீறீங்க?" என்று கேட்டார்.

"ஆள் போடற வரைக்கும் யார் கழுவறது? நீ கழுவறியா?"

"நான் கழுவினா நீ திரும்பக் கழுவுவ."

"தெரியுதில்ல. அந்த நாப்பது குடுவைய இப்டி எடுத்து வையி."

அப்பாவு எடுத்து வைத்தார்.